அம்மன் தேரில் போன டால்பின்

காலைப் பூஜை முடிந்து மணியைக் கீழே வைக்கும்போது போன் அடித்தது. கவிதா. நான் ஓய்வு பெற்ற கிள்ளான் வனவிலங்கு அலுவலகத்தில் இப்போது கடல் பக்கத்து வேலைகளை அவள்தான் பார்க்கிறாள்.

"அங்கிள், டிரெய்னிங் நோட்ஸ்ல ஒரு வரி இருக்கு. கரையில சிக்குன டால்பினை எதுல ஏத்திட்டுப் போகலாம்னு போட்டிருக்கு. லோரி, போட், ஹைலக்ஸ். அதுக்கும் கீழ 'அலங்கரித்த வண்டி'ன்னு இருக்கு. யாரு லா இதை டைப் பண்ணது? புதுப் பசங்க எல்லாம் சிரிக்கிறாங்க. எடுத்துடவா?"

"எடுக்காதம்மா. அது தேர்."



"எந்தத் தேர் அங்கிள்?"

"கேரி தீவுல ஒரு மாரியம்மன் கோயில் தேர்."

"அப்ப நீங்களே எழுதிக் குடுங்க. நான் சொன்னா எனக்கு லீவு குடுத்து வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

அதனால்தான் எழுதுகிறேன். நான் படிவம் மூன்றோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, படிப்பை நிறுத்தியவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததில் பிழை இல்லை. அதற்கு அம்மன் சாட்சி. என் அதிகாரி துவான் ரஷீட்டும் சாட்சி.

வேலையில் சேர்ந்த கதை சின்னது. பிரிக்ஃபீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்பில் வளர்ந்த எனக்குத் தெரிந்த மிருகங்கள் பூனையும் எலியும்தான். வனவிலங்கு வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று போனேன். "பாம்புக்குப் பயப்படுவாயா?" என்று கேட்டார்கள். "பயப்படுவேன், அதனால்தான் வெள்ளிக்கிழமை தவறாமல் புற்றுக்குப் பால் ஊற்றுகிறேன்" என்றேன். கேட்டவர் சிரித்துவிட்டு எடுத்துக்கொண்டார். பயிற்சிக் காலம் முழுக்கப் பாக்காவ் மரங்கள் நிற்கும் கடலோரச் சேற்றில் விழுந்தேன், எழுந்தேன், மறுபடி விழுந்தேன். அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

எங்கள் வேலை என்றால் புலி பிடிப்பது என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். கிள்ளான் கரையிலும் சுற்றியுள்ள தீவுகளிலும் எங்கள் வேலையில் பாதி, நல்ல மனசுக்காரர்கள் செய்து வைப்பதைச் சரிசெய்வதுதான். ஆமை என்றால் கடல் என்று முடிவு கட்டியிருக்கிறார்கள். செராஸில் ஏதாவது கடையில் குளத்து ஆமையை வாங்குவார்கள். புண்ணியம் சேரட்டும் என்று ஜெட்டிக்கு, அதாவது படகுத்துறைக்கு, கொண்டுவந்து கடலில் விடுவார்கள். உப்புத் தண்ணீரில் அது தாங்காது. அதனால் நாங்கள் ஜெட்டியின் மறுபக்கம் வலையோடு உட்கார்ந்திருப்போம். ஒருநாள் சுங்கை வேயிலிருந்து ஒரு அண்ணன் குடும்பத்தோடு வந்தார். ஆமைக்குச் சூடம் காட்டினார், விட்டார், கண்ணை மூடிக் கும்பிட்டார். அவர் கண்ணைத் திறப்பதற்குள் அது என் வாளியில் இருந்தது.

"தம்பி, நல்லபடியா போச்சா? பாத்தீங்களா?"

"நல்லா போச்சுண்ணே."

அப்போது பார்த்து ஆமை வாளியைத் தட்டியது.

"அது என்னா சத்தம்?"

"போட் என்ஜின்ணே. ஆறிக்கிட்டு இருக்கு."

அவர் இன்னொரு முறை கடலைக் கும்பிட்டுவிட்டுப் போனார். ஆமை அன்று சாயங்காலமே ஒரு ஏரிக்குப் போய்ச் சேர்ந்தது. அவருக்குப் புண்ணியம் கிடைத்திருக்கும் என்றுதான் நம்புகிறேன்.

துவான் ரஷீட் எனக்கு மேலதிகாரியாக வந்த பிறகுதான் நான் வேலை கற்றுக்கொண்டேன். துவான் என்றால் மலாயில் ஐயா. ஒல்லியான மனிதர். இடுப்பளவு சேற்றில் நின்றாலும் அவர் சட்டையின் இஸ்திரி மடிப்பு கலையாது. யோசிக்க வேண்டியது வந்தால் கைக்குட்டையை எடுத்து நான்காக மடிப்பார், பிரிப்பார், மறுபடி மடிப்பார். "ஓடு" என்ற வார்த்தை அவர் வாயில் வந்ததே இல்லை. "பெலான் பெலான்" என்பார், மெதுவாக என்று. வீடு பற்றி எரிந்தாலும் பெலான் பெலான்தான். என் நெற்றித் திருநீற்றை ஒன்றும் சொல்ல மாட்டார். கைவிரலில் ஒட்டியிருப்பதை மட்டும் கழுவச் சொல்வார். மனிதனுக்கு நல்ல வாசனை மிருகத்துக்கு நல்லதா என்று நமக்குத் தெரியாது, அதனால்.

இன்னொரு பழக்கமும் உண்டு. எந்த மிருகத்தைத் தொடுவதற்கு முன்பும் அதன் எதிரில் குந்தி, தான் யார், எந்த இலாகா, இப்போது என்ன நடக்கப்போகிறது என்று மலாயில் மரியாதையாகச் சொல்வார். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் அரிசி மூட்டைக்குப் பின்னால் மலைப்பாம்பு படுத்திருந்தபோதும் அப்படித்தான். "என் பெயர் ரஷீட். இவர் ஆறுமுகம். இவர் உங்கள் வாலைப் பிடிப்பார். தப்பாக நினைக்க வேண்டாம்" என்றார்.

கடைக்காரர் என் காதருகில் வந்தார். "அண்ணே, இவருக்கு எப்பவும் இப்படியா, இல்ல இன்னிக்கு மட்டுமா?"

"எப்பவும்தான். பாம்பு கேக்குது பாருங்க."

கேட்டது போலத்தான் வந்தது.

டால்பின் விஷயத்தில் அவருடைய முறைகள் கொஞ்சம்தான். உடம்பு காயக் கூடாது, போகிற வழியெல்லாம் நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். சத்தம் கூடாது, பயத்திலேயே செத்துவிடும். டால்பினுக்கு மூக்கு தலை உச்சியில் ஒரு துளை. அதற்குள் தண்ணீர் போகக் கூடாது. கடைசியாக ஒன்று, அதுதான் முக்கியம். ஒரு ஆள் அந்தத் துளையை மட்டும் பார்க்க வேண்டும். அது திறந்து மூச்சு விடும் ஒவ்வொரு முறையும் "நாப்பாஸ்" என்று குரல் கொடுக்க வேண்டும். நாப்பாஸ் என்றால் மலாயில் மூச்சு. அந்த ஆள் கயிறு பிடிக்கக் கூடாது, தலையைத் திருப்பக் கூடாது, கொசு கடித்தால் சொறியக் கூடாது. குரல் வந்தால் வேலை நடக்கும். குரல் வரத் தாமதமானால் அத்தனை கையும் நிற்க வேண்டும்.

"மூச்சைப் பார்ப்பவன் வேறு எதையும் பார்க்கக் கூடாது, ஆறுமுகம்."

கோயில் பஜனையில் பழகிய குரல் என்று அந்த வேலை எப்போதும் எனக்கே வரும்.

இனி அந்த நாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பச்சை போன் செய்தாள். பச்சையம்மா என் மனைவியின் தங்கை. கேரி தீவில் ஒரு செம்பனைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையில், இருக்கிறாள். அன்றைக்கு அவர்கள் கோயிலில் திருவிழா.

"மாமா, கோயிலுக்குப் பின்னால பெரிய கான்ல ஒரு பன்னி நீந்துது."

"பன்னியா?"

"சாம்பக் கலர்ல மொழுமொழுன்னு இருக்கு. மூக்கு தலை மேல இருக்கு மாமா. அப்பப்ப புஸ்ஸுங்குது. பூசாரி வராக அவதாரம்ங்குறாரு. நீங்க வரீங்களா, இல்ல வழக்கம்போல திருவிழாவுக்கு அக்காவை மட்டும் அனுப்புவீங்களா?"

ஒவ்வொரு வருடமும் திருவிழா அன்று எனக்கு ஏதாவது ஒரு முதலை, ஏதாவது ஒரு குரங்கு. பச்சைக்கு அதில் தீராத மனத்தாங்கல். இந்த முறை வருகிறேன் என்றேன்.

கேரி தீவில் தோட்டத்து நிலம் கடல் பெருக்கை விடத் தாழ்வு. சுற்றிலும் மண்கரை. தோட்டத்துத் தண்ணீர் கான் என்னும் பெரிய வாய்க்கால்கள் வழியாக ஆற்றுக்குப் போகும். ஆற்றில் சேரும் இடத்தில் நீர்க்கதவு இருக்கும். பெருக்கு ஏறினால் கதவு தானாக மூடும், இறங்கினால் திறக்கும். அதில் ஒரு கட்டையைச் செருகி மூடாமல் வைத்தால், பெருக்கோடு எறா உள்ளே வரும், வலை போட்டுப் பிடிக்கலாம். செய்யக் கூடாத காரியம், எல்லாரும் செய்கிற காரியம். போகும் வழியில் நானும் துவானும் நீர்க்கதவைப் பார்த்தோம். யாரோ கட்டை செருகியதில் கீல் வளைந்து, கதவு மூடியபடி இறுகிக் கிடந்தது. கட்டை நழுவிக் கரையோரச் சேற்றில் கிடந்தது. சிவப்பு வெள்ளைப் பட்டை அடித்த கட்டை. துடைத்துப் பார்த்தேன். எங்கள் ஹைலக்ஸ் வண்டியின் பின்னால் போட்டுக்கொண்டேன்.

எறாவின் பின்னால் மீன் வந்திருக்கிறது. மீனின் பின்னால் டால்பின் வந்திருக்கிறது. இளங்குட்டி, ஒரு ஆளை விடக் குட்டை. கானின் வழியே நீந்தி நீந்தி, கோயில் பின்புறம் கான் குறுகும் இடத்தில் மாட்டியிருந்தது. கதவு மூடியிருந்தாலும் அதன் அடி இடுக்கு வழியே தண்ணீர் கசிந்து வற்றிக்கொண்டே இருந்தது. வயிறு ஏற்கெனவே சேற்றைத் தொட்டுவிட்டது. சாயங்காலப் பெருக்கு ஜெட்டியில் நிற்கும்போதே ஆற்றில் விட்டால் பிழைக்கும். பெருக்கு இறங்கிவிட்டால் கரை எங்கும் முழங்கால் புதையும் சேறுதான். மறுநாள் நாங்கள் தூக்குவது பிணமாக இருக்கும்.

துவான் ரஷீட் மேலிடத்துக்குப் போன் செய்தார். கடல் பிராணி, எங்களுடையது இல்லை என்றார்கள். கடலைப் பார்க்கிறவர்கள், அது இப்போது நிலத்தில் இருக்கிறது என்றார்கள். கானைப் பார்க்கிறவர்கள், தண்ணீர் மட்டும்தான் எங்களுடையது, அதில் கிடப்பது இல்லை என்றார்கள். அவர் கைக்குட்டையை மடித்தார். "மூச்சு விடும் நேரத்தில் அது நம்முடையது, ஆறுமுகம். மற்ற நேரத்துக்கு அவர்கள் பேசி முடிவு பண்ணட்டும்" என்று சொல்லிவிட்டுச் சட்டையோடு கானில் இறங்கினார். அதன் முன் குந்தி, பெயர் சொல்லி, இலாகா சொல்லி, பிறகு கையில் தாங்கிக்கொண்டார்.

எங்கள் ஹைலக்ஸ் கரையோரத்தில் சக்கரம் வரை புதைந்துவிட்டது. லோரி கூப்பிடலாம் என்றால், ஜெட்டிக்குப் போகும் ஒரே சாலையில் கோயில் பந்தல் போட்டிருந்தது. பந்தலுக்கு அந்தப் பக்கம், ஜெட்டியைப் பார்த்தபடி, தேர் நின்றது. சாலையில் உருளக்கூடியது அது ஒன்றுதான். அகலமாக, தாழ்வாக, ரப்பர் டயரோடு, பூவெல்லாம் கட்டி முடித்துத் தயாராக நின்றது. அம்மன் இன்னும் ஏறவில்லை.

"போய்க் கேள். உன் சாமி, உன் பாஷை. நான் மூச்சைப் பார்க்கிறேன்" என்றார் துவான்.

கோயில் தலைவர் கோவிந்தன் அண்ணன் மஞ்சள் வேட்டியில் நின்றிருந்தார். சொன்னேன். காதை ஒருமுறை தேய்த்துக்கொண்டார்.

"அம்மன் ஏர்றதுக்கு முன்னாடி மீனை ஏத்தச் சொல்றியா? ஊரே விரதம் ஆறுமுகம். பக்கத்து லயத்துல கருவாட்டு வாசனை வந்தாலே நாங்க ஜன்னலைச் சாத்துறோம்."

"அது மீன் இல்லண்ணே. நம்ம மாதிரி மூச்சு விடுது. குட்டிக்குப் பால் குடுக்கும்."

"பாலா?" என்றார் பூசாரி. "அப்ப பசு மாதிரி லா. சைவம்."

"அது என்னா சாப்பிடும்?" என்றார் தலைவர்.

திருவிழா நாளில் பொய் சொல்ல முடியவில்லை. "மீன்தாண்ணே."

"பாத்தியா."

"நம்ம கோயில் பூனையும் மீன்தான் சாப்பிடுது தலைவரே," என்றார் பூசாரி. "தேர் மேலதான் படுத்திருக்கு."

எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். படுத்திருந்தது.

தலைவர் பொறுப்பைத் தன் தலையில் போட்டுக்கொள்ள விரும்பவில்லை. "பல்லி சொல்லட்டும். அம்மன் உத்தரவு குடுத்தா நான் யாரு?" என்றார். அத்தனை பேரும் கோயில் சுவரைப் பார்த்துக்கொண்டு மூச்சுக் காட்டாமல் நின்றோம். பல்லி சொல்லவில்லை. கான் பக்கத்திலிருந்து "நாப்பாஸ்" என்று துவான் குரல் வந்தது. மறுபடி நின்றோம். மறுபடி "நாப்பாஸ்."

"அந்தத் துவான் இப்படிக் கத்துனா பல்லி எப்படிச் சொல்லும்?" என்றார் தலைவர்.

அடுத்த குரல் வரத் தாமதமானது. அதற்கடுத்தது இன்னும் தாமதமானது.  ஓடிப்போய் ஹைலக்ஸிலிருந்து அந்தக் கட்டையைக் கொண்டுவந்தேன். தேர்ச் சக்கரத்துக்கு ஒரு பக்கம் முட்டுக்கட்டை இருந்தது. மறுபக்கம் செங்கல் வைத்திருந்தார்கள். செங்கலை எடுத்துவிட்டு என் கையிலிருந்ததை வைத்தேன். ஜோடி சேர்ந்தது. நம் கோயில்களில் டியூப்லைட் வாங்கிக் கொடுத்தாலும் வெளிச்சம் மறைகிற அளவுக்குப் பேர் எழுதுவோமே. கட்டையிலும் எழுதியிருந்தது. 'உபயம்: தலைவர் கோவிந்தன் குடும்பத்தார்.'

உருமி மேளக்காரன் ஒருவன், "அண்ணே, இதைத்தான் காலையிலேர்ந்து தேடுறோம். எங்க இருந்துச்சு?" என்றான்.

"நீர்க்கதவுல."

நீர்க்கதவில் கட்டை எதற்குப் போகும் என்று அங்கே தெரியாதவர் யாரும் இல்லை. மறுநாள் கொடி இறக்கினால் விரதம் முடியும் என்றும் தெரியும். பச்சை கூட்டத்திலிருந்து கேட்டாள். "நாளைக்கு உங்க வீட்டுல எறா சம்பாலா தலைவரே?"

யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் வானத்தைப் பார்த்தார்கள். தலைவர் துண்டைச் சரிசெய்துகொண்டார். அவர் கழுத்து வேர்த்திருந்தது. பூசாரி நல்ல மனிதர். தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார். "அம்மா தேருக் கட்டைதான் அதை உள்ள விட்டிருக்கு. அப்ப அம்மாதான் கூப்பிட்டிருக்கா. கூப்பிட்ட விருந்தாளியை அம்மா வண்டியிலதானே கொண்டுபோய் விடணும்?"

"ஸ், பல்லி சொல்லிருச்சு," என்றார் தலைவர்.

எனக்குக் கேட்கவில்லை. "நல்லா கேட்டுச்சு தலைவரே" என்றார்கள் எல்லாரும்.

தூக்குவதற்குத் துணி வேண்டும். கனமாக வேண்டும், வழுவழுப்பாக வேண்டும். பந்தல் வாசலில் அந்தத் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர் திருவிழா வாழ்த்துச் சொல்லும் பிளாஸ்டிக் பேனர் ஒன்று கட்டியிருந்தது. அதை அவிழ்த்தோம். டால்பினின் இரண்டு பக்கத் துடுப்பும் மடங்காமல் வெளியே நீட்ட இரண்டு துளை வெட்ட வேண்டும். துவான் அளந்து அளந்து கோடு போட்டுக் கொடுத்தார். இரண்டு துளையும் சரியாகப் படத்திலிருந்த உறுப்பினரின் மூக்குக்கண்ணாடிக்குள் விழுந்தன.

துவான் டால்பினிடம், "இவர் கோவிந்தன். வண்டி இவருடைய பொறுப்பு" என்று அறிமுகம் செய்தார். தலைவர் குனிந்து கும்பிட்டார். "மன்னிச்சுக்க தாயீ," என்று வாய்க்குள் சொன்னதை நான் கேட்டேன், ஏனென்றால் அதற்குள் நான் அதன் தலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து துளையைப் பார்க்கத் தொடங்கிவிட்டேன். தூக்கித் தேர்ப் பலகையில் வைத்தார்கள். பூனை இறங்க மறுத்தது. அதை யாரோ தூக்கிக்கொண்டு போனார்கள்.

அப்போதுதான் தலைவர் அடுத்ததைச் சொன்னார். "ஆறுமுகம், தேர் கெளம்பிட்டா வீட்டுக்கு வீடு நிக்கணும். ஒரு வீட்டைத் தாண்டிப் போனாலும் அந்த வீட்டுல வருஷம் பூரா எது நடந்தாலும் என் வாசலுக்குத்தான் வருவாங்க. இருமல் வந்தாக்கூட."

நியாயம்தான். என் வீட்டு வாசலைத் தேர் தாண்டிப் போனால் நானும் கேட்பேன். ஆனால் ஜெட்டி வரை இரண்டு வரிசை லயம். துவானிடம் சொன்னேன். கைக்குட்டை மடிந்தது, பிரிந்தது.

"ஒவ்வொரு வீட்டிலும் தண்ணீர்க் குழாய் உண்டா?"

"உண்டு துவான்."

"வழி முழுக்க நனைக்க வேண்டும். தண்ணீருக்கு எங்கே போவது என்று நானே யோசித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு ஒரு வாளி என்று சொல். வெறும் தண்ணீர். சத்தம் கூடாது."

அப்படித்தான் அந்தத் தேரோட்டம் நடந்தது. ஜெனரேட்டரை நிறுத்தினார்கள். உருமிக்காரர்கள் மட்டும், மேளம் இல்லாமல் தேர் போன சரித்திரமே இல்லை என்று மல்லுக்கட்டினார்கள். பிறகு தேருக்கு முன்னால் நடந்தபடி, குச்சி தோலில் படாமல், காற்றில் முழுத் தாளத்தையும் அடித்துக்கொண்டு போனதாக என் மனைவி பின்னால் சொன்னாள். தேங்காயை உடைக்கக் கூடாது என்பதால் அதை வாசலில் படுக்க வைத்தார்கள். நான் எதையும் பார்க்கவில்லை. ஈரமான சாம்பல் நிறத் தோல், நடுவில் ஒரு பிறை போன்ற துளை, அவ்வளவுதான் என் உலகம். அது திறந்தது. "நாப்பாஸ்!" என்றேன்.

சத்தம் போடக் கூடாது என்று சொல்லியிருந்ததால், தேர் இழுத்த அத்தனை பேரும் கிசுகிசுப்பாக, "ஓம் சக்தி" என்றார்கள்.

நாப்பாஸ் என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. அந்த ஊரில் மலாய் தெரியாதவர் யார்? ஆனால் தேர் மேலிருந்து ஒரு குரல் வந்தால் கீழிருந்து ஒரு பதில் போக வேண்டும். அவர்களுக்கு வேறு பதில் தெரியாது.

வீட்டுக்கு வீடு துவான் ரஷீட் வாளியைப் பரிசோதித்தார். விரலை விடுவார், முகர்வார். நான் காதால் கேட்டேன்.

"துவான், இது மஞ்சத் தண்ணி. நல்லது."

"இது வேண்டாம் அக்கா. குழாய்த் தண்ணீர்."

அடுத்த வீட்டில் பால். அதற்கடுத்த வீட்டில் பன்னீர். "அபிஷேகம்னா வெறும் தண்ணியாம், கேட்டியாடி" என்று ஒரு குரல். ஒரு வீட்டில் மட்டும், "கடல் பிராணியாச்சேன்னு வீட்டு உப்பை அள்ளிப் போட்டேன் துவான்" என்றார்கள். அவர் நாக்கில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். "போலே," என்றார், ஆகட்டும் என்று. ஒவ்வொரு வீட்டிலும் தண்ணீர் முதுகில் வழியும், துளையை நான் உள்ளங்கையால் அணை கட்டிக் காப்பேன், அது மூச்சு விடும், நான் சொல்வேன், வாசலில் நிற்பவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள், தேர் நகரும்.

கடைசி வரிசை வரும்போது துளை சோம்பத் தொடங்கியது. நான் குரல் கொடுக்கும் இடைவெளி நீண்டது. 'தாயே, தாயே' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். 

"ஆறுமுகம், பெருக்கு இறங்கத் தொடங்கிவிட்டது," என்றது துவானின் குரல். "இனி நிற்கக் கூடாது."

இனி ஒரே ஒரு வீடுதான் பாக்கி என்று எனக்குத் தெரியும். வரிசையின் கோடி வீடு. பச்சையின் வீடு.

"மாமா," என்று கேட்டது. "மாமா, நிக்கச் சொல்லுங்க. எங்க வீடு."

துளை மூடியிருந்தது. நான் அதையே பார்த்தேன்.

"மாமா, இங்க பாருங்க. வெறும் தண்ணிதான். நான் கேட்டேன் எல்லாத்தையும், வெறும் தண்ணிதான் புடிச்சு வெச்சிருக்கேன்."

துளை திறக்கவில்லை. என் கண்ணில் வேர்வை இறங்கியது, துடைக்கவில்லை. தேர் நிற்கவில்லை. பின்னால் சிமெண்டுத் தரையில் வாளி வைக்கப்படும் சத்தம் கேட்டது. மெதுவாகத்தான் வைத்தாள். சத்தம் கூடாது என்று சொல்லியிருந்தோம் அல்லவா.

அப்புறம்தான் துளை திறந்தது. "நாப்பாஸ்." பதிலுக்கு இழுப்பவர்களின் காலடிகள்தான் வேகமாகக் கேட்டன. 

ஜெட்டியில் தண்ணீர் படிக்கட்டின் கடைசிப் படிகளில் நின்றது. தலைவரே வேட்டியை மடித்துக் கட்டி முதலில் இறங்கினார். பேனரை நான்கு பக்கமும் பிடித்து, பெலான் பெலான் என்று இறக்கினோம். துவான், "முடிந்தது. சிரமம் கொடுத்தோம். போகலாம்" என்று அதனிடம் சொன்னார். பேனர் தொய்ந்தது. சாம்பல் முதுகு ஒருமுறை உருண்டது. பிறகு காவித் தண்ணீர் மட்டும்.

நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் வேலை முடியவில்லை. கரை முழுக்க ஜனம். அடிக்காத மேளத்தை அடித்துக்கொண்டிருந்த கைகளும் நின்றுவிட்டன. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. தலைவர் இடுப்பளவு தண்ணீரில் கைகூப்பியபடி நின்றார். 

தூரத்தில், பாக்காவ் மரங்களின் நிழல் விழும் இடத்தில், புஸ் என்று ஒரு சத்தம்.

"நாப்பாஸ்!"

"ஓம் சக்தி!"

இந்த முறை யாரும் கிசுகிசுக்கவில்லை. உருமி வெடித்தது. தேங்காய்கள் உடைந்தன. துவான் ரஷீட் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார், ஆனால் நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை. அந்த இரைச்சலுக்கு நடுவிலும் அதே திசையில் இன்னொரு மூச்சு எனக்குக் கேட்டது. பெரியது, ஆழமானது. துவானுக்கும் கேட்டிருக்க வேண்டும். அதையும் சொல்லவா என்று அவரைப் பார்த்தேன்.

"அது நம்முடையது இல்லை," என்றார். முகம் மலர்ந்திருந்தது. "அது அதன் அம்மாவாக இருக்கலாம். நம்முடையதை மட்டும் சொல்."

தேரைக் கழுவி, புது மாவிலை கட்டி, அன்று இரவே அம்மன் அதில் ஏறி வந்தாள். எல்லா வீட்டிலும் நின்றாள். பச்சையின் வீட்டிலும்தான். ஆனால் முதல் முறை தாண்டிப் போனது போனதுதான் என்று பச்சை சொல்லிவிட்டாள். அடுத்த திருவிழா வரை என்னோடு பேசவில்லை. எனக்குச் சொல்ல வேண்டியதை எல்லாம் அக்காவிடம் சொல்வாள். என் மனைவி ஒன்றுக்கு இரண்டாகச் சேர்த்து எனக்குச் சொல்வாள்.

கோயில் கூட்டத்தில் தலைவர் தானே எழுந்து தீர்மானம் கொண்டுவந்தார். இனி ஒவ்வொரு வருடமும் பச்சையம்மா வீட்டில் தேர் இரண்டு முறை நிற்கும். ஒன்று அந்த வருடத்துக்கு, ஒன்று தாண்டிப் போன அந்த நாளுக்கு. யாரும் எதிர்க்கவில்லை. எறா பற்றி யாரும் பேசவும் இல்லை.

இன்றைக்கும் அந்தத் தோட்டத்தில் தேர் வந்தால் முதலில் வீட்டுக்கு ஒரு வாளி வெறும் தண்ணீர் தேர்ப் பலகையில் ஊற்றுகிறார்கள். பிறகுதான் அர்ச்சனைத் தட்டு. முன்னால் ஒருவர் "நாப்பாஸ்" என்கிறார், பின்னால் "ஓம் சக்தி" என்கிறார்கள். இது நம் முன்னோர் தோட்டம் போட்ட காலத்து மந்திரம் என்று ஒரு தம்பி கோயில் பேஸ்புக்கில் விளக்கம் எழுதியிருக்கிறான். நான் திருத்தவில்லை. ஒரு வருடம் துவான் ரஷீட்டும் வந்தார், ஓய்வு பெற்ற பிறகு. ஒரு அக்கா மரியாதைக்கு அவர் கையில் வாளியைக் கொடுத்தார். பழக்க தோஷம், முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் ஊற்றினார்.

ஆகவே கவிதா, அந்த வரியை எடுக்காதே. வேண்டுமானால் 'வீட்டுக்கு வீடு நிற்கும்' என்று பக்கத்தில் சேர்த்துக்கொள்.

நானும் இப்போது திருவிழாவுக்குத் தவறாமல் போகிறேன். பச்சை வீட்டில் இரண்டாம் முறை தேர் நிற்கும்போது அவள் வாளியோடு வருவாள். முன்னால் யாரோ "நாப்பாஸ்" என்று குரல் கொடுப்பார்கள். என் கண் தானாகத் தேர்ப் பலகைக்குப் போய்விடும், அங்கே ஒன்றும் இல்லை என்று தெரிந்தும்.

"மாமா," என்பாள். "இங்க பாருங்க."

பார்ப்பேன். வெறும் தண்ணீர்தான்.